மொத்தமாகவா, பத்து வருடத் தவணையாகவா?

அமெரிக்க நிறுவனத்தில் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தள்ளிவைத்தவர்கள் ஓய்வுபெறும்போது அந்தப் பணத்தை எப்படி வாங்குவது? 401(கே) எனும் வழக்கமான, வரிச்சலுகையுள்ள ஓய்வுச் சேமிப்புத் திட்டம் பற்றி அல்ல, வரிச்சலுகைத் தகுதி பெறாத திட்டங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

படிவம்: இரண்டுக்கும் சம்பளத்துக்கான வரிப் படிவமான டபிள்யூ-2தான். வேலையை விட்டு எத்தனை வருடமானாலும் சரி, ஓய்வூதியத்துக்கான 1099-ஆர் படிவம் வராது.

கூட்டாட்சி வரி: மொத்தமாக வாங்கினால் ஒரே வருடத்தில் உச்ச வரி விகிதமான 37% அடுக்கைத் தொடலாம். தவணையில் வருமானம் பரவும். ஐஆர்ஏ எனும் தனிநபர் ஓய்வுக் கணக்குக்கு மாற்ற இரண்டிலும் வழியில்லை.

மாநில வரி: விஷயமே இங்கேதான். கலிபோர்னியாவில் உழைத்துவிட்டு, வருமான வரி இல்லாத டெக்சாஸில் குடியேறியவர் மொத்தமாக வாங்கினால் கலிபோர்னியா வரி கேட்கும். ஏறக்குறைய சமமான தவணைகளாகக் குறைந்தது பத்து வருடம் வாங்கினால், 1996ஆம் வருடக் கூட்டாட்சிச் சட்டப்படி கேட்க முடியாது. ஒன்பது வருடம் போதாது!

ஆபத்து: நிறுவனம் திவாலானால் நீங்களும் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்தான். தவணை நீள நீள அந்தப் பயமும் நீளும்.

நிறுவனத்தின் மேல் சந்தேகமா, தொகை சிறியதா? மொத்தமாக வாங்குங்கள். வருமான வரி இல்லாத மாநிலத்துக்குப் போகிறீர்கள், நிறுவனமும் திடமானது என்றால் தவணைதான். அப்புறம் மனம் மாறினால், பணம் வர வேண்டிய நாளுக்கு 12 மாதம் முன்பே சொல்லி, பணம் வாங்குவதைப் பொதுவாக 5 வருடம் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.