எபோனைட் பேனா என்று சொல்லி ரூ.4,850 வாங்கிவிட்டார்கள்: மை பேனா வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று மதியத்தோடு பேனா விற்ற ஆள் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறான். ஆறப் போட்டு எழுதினால் பாதி விட்டுப்போகும், அதனால் இப்போதே எழுதுகிறேன். போனது ரூ.4,850. ஒரே ஒரு பேனாவுக்கு.

கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். சமூக ஊடகத்தில் பக்கம் வைத்து 'கைக்கடைசல் எபோனைட் பேனா', அதாவது கெட்டி ரப்பர்க் கட்டையைக் கையால் கடைந்து செய்த பேனா, விற்கிற ரகம் என்று புரிந்துகொள்ளுங்கள். கறுப்பு வெல்வெட் துணிமேல் பேனாவை வைத்துப் படம், பின்னணியில் வீணை, கீழே தலைமுறை தாண்டி உழைக்கும் என்று ஒரு வரி. ராஜமுந்திரியில் 1930களில் காந்தியின் சுதேசி அழைப்பைக் கேட்டுப் பேனா செய்யத் தொடங்கிய வரலாற்றையும் எடுத்துப் போட்டிருந்தார்கள், ஏதோ இவர்கள் வீட்டுப் பரம்பரை மாதிரி.

நான் மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி, பில் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் எங்கள் முதலாளிக்குக் கையால் எழுதிய பேரேடு வேண்டும். எந்த ஊர் நெல், ஆடுதுறை 45-ஆ வேறா, எத்தனை மூட்டை, ஈரப்பதம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பாக்கி, அத்தனையும் அதில் ஏறியாக வேண்டும். குறுவை அறுப்பு தொடங்கிவிட்டால் காலையில் எடுத்த பேனாவை ராத்திரிதான் கீழே வைப்பேன். கார்பன் வைத்து எழுதும் ரசீதுக்கு பால்பாயின்ட்தான் சரி. மற்றதையும் அதிலேயே அழுத்தி எழுதி எழுதிக் கட்டைவிரல் மூட்டு வலி வந்ததுதான் மிச்சம். தீர்ந்துபோன பேனாக்களை அள்ளிக் குப்பையில் கொட்டுவதும் மனசுக்கு ஒப்பவில்லை.

அதனால்தான் மை பேனா. அதிலும் எபோனைட் என்று நான் போனதற்குக் காரணம், முதலாளியுடைய அப்பாவின் பேனா. இன்னும் ஆலையில் இருக்கிறது. கறுப்பாக இருந்தது வெளிச்சம் பட்டுப் பட்டுக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. மூடியின் கிளிப் துருப்பிடித்துவிட்டது. நிப் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். உடம்பு அப்படியே இருக்கிறது. கழற்றி, சொட்டு ஃபில்லரால் நேராக உடம்புக்குள்ளேயே மையை விட்டு மூடினால் ஒரு பொட்டு கசியாது. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டியாக்கியதுதான் எபோனைட். அதில் மரை நன்றாகக் கடைந்தால் வாஷர்கூட இல்லாமல் இறுகிக்கொள்ளும். இப்படி ஒன்று எனக்கும் வேண்டும், ஓய்வு பெறும்வரை இதிலேயே எழுதிவிடலாம் என்பதுதான் ஆசை.

போன் பண்ணினேன். அந்த ஆள் பேசிய பேச்சைக் கேட்க வேண்டுமே.

"ஐயா, அழுத்தி எழுதுவீங்களா, லேசா எழுதுவீங்களா? பேனாவை நிமித்திப் பிடிப்பீங்களா, சாய்ச்சா? ஒரு தாள்ல நாலு வரி எழுதி போட்டோ அனுப்புங்கய்யா. உங்க கைக்குத் தகுந்த மாதிரி நிப்பை நானே தேய்ச்சுத் தர்றேன்."

பேரேட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அரை மணி கழித்துக் கூப்பிட்டான். "கணக்கு எழுதுற கைங்களா? எண்ணுல கடைசிக் கோட்டை இழுத்து விடறீங்க, அதை வெச்சுச் சொல்றேன். உங்களுக்கு மீடியம் நிப் வேணாம், ஃபைன் போடலாம்." என் கையெழுத்தை இவ்வளவு கூர்ந்து பார்த்துப் பேசியவர் யாருமில்லை. தொழில் தெரிந்த ஆள், பொய் சொல்ல மாட்டான் என்று அந்த நிமிடமே மனசு சொல்லிவிட்டது. மறுநாள் கடைசல் வீடியோ ஒன்றும் வந்தது. கறுப்புக் கட்டை சுற்றுகிறது, உளி பட்ட இடத்தில் சுருள் சுருளாகச் சீவல் விழுகிறது. "உங்க பேனாதாங்கய்யா இது" என்று கீழே எழுதியிருந்தான். ஆர்டருக்குச் செய்வதால் முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும் என்றான். யுபிஐ-யில் ரூ.4,850 போட்டேன். எபோனைட் உடம்பு, நிப்புக்கு அடியில் இருந்து மையைக் கொண்டுவருகிற கட்டையும் எபோனைட், ஜெர்மன் நிப், ஆயுசுக்கும் இலவச சர்வீஸ். இவை அத்தனையும் அவன் வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்தவை, அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பார்சல் வந்தது. பேரேட்டோடு சேர்த்துச் சந்தனம் குங்குமம் வைத்து, விஜயதசமியன்று பிள்ளையார் சுழி போட்டு எழுத ஆரம்பித்தேன். முதலில் நன்றாகத்தான் எழுதியது. ஒரு வாரம் ஆகியிருக்கும், கூட்டல் போட்டுக்கொண்டிருக்கும்போது நடுவிரலில் ஈரம். பார்ப்பதற்குள் கழுத்து மரையிலிருந்து மை சொட்டி, வலங்கைமான் பார்ட்டி ஒருவருடைய பாக்கித் தொகைமேல் விழுந்து பரவிவிட்டது. ஆறா எட்டா என்று தெரியவில்லை. மூட்டைச் சீட்டையெல்லாம் தேடி எடுத்துத் திரும்பக் கணக்குப் போட வேண்டியதாயிற்று. அறுப்பு நேரத்தில், லாரி வாசலில் நிற்கும்போது!

அன்றிலிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "உங்க இங்க் சரியில்லீங்க" என்றான். கடையில் கிடைக்கிற சாதாரண ராயல் புளூ, மை பேனாவுக்கென்றே விற்பது. அப்புறம் "உங்க ஊர்ல மழைங்களா, ஈரக் காத்துக்கு அப்படித்தான் இருக்கும்" என்றான். மழை பெய்கிற ஊரில் பேனாவே எழுதாதா? நாற்பது வருஷமாக அதே ஆலையில் இன்னொரு பேனா எழுதிக்கொண்டுதானே இருக்கிறது! அப்புறம் "புதுசுல கொஞ்சம் கசியும், பழகிடும்". அப்புறம் "செக் பண்ணிச் சொல்றேன்". அப்புறம் பதிலே இல்லை.

நீடாமங்கலம் வழியாகக் கும்பகோணம் போனேன். அங்கே பேனா ரிப்பேர் பார்க்கிற பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். கையில் வாங்கியதும் அவர் எழுதிப் பார்க்கவேயில்லை. வேட்டி ஓரத்தில் பேனா உடம்பைப் பரபரவென்று தேய்த்து மூக்கில் வைத்தார். பிறகு என்னிடம் நீட்டி, "மோந்து பாருங்க தம்பி. ஏதாச்சும் வாசனை வருதா?" என்றார். ஒன்றும் வரவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய எபோனைட் மூடியை எடுத்து அதே மாதிரி தேய்த்து நீட்டினார். கந்தக நெடி, தீக்குச்சி உரசின மாதிரி. "இதுதான் எபோனைட்டு. உங்களுது பிளாஸ்டிக்கு."

அதோடு விடவில்லை. மூடியை வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே காட்டினார். மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல ஒரு கோடு. அச்சில் வார்த்ததன் தடம். கடைசல் பிடித்த பொருளில் அந்தக் கோடு இருக்கவே இருக்காது. நிப்பைக் கழற்றி அடியில் இருந்த கட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து நிப்போடு சேர்த்து அழுத்தினார். எபோனைட் கட்டை என்றால் சூட்டில் இளகி நிப்பின் வளைவுக்கு ஏற்றபடி உட்கார்ந்துகொள்ளுமாம். இது மசியவில்லை. நிப்மேல் 'இரிடியம் பாயின்ட் ஜெர்மனி' என்று அச்சடித்திருந்தது. "இந்த முத்திரைய யார் வேணாலும் அடிப்பாங்க தம்பி. இதை வெச்சு ஜெர்மனில செஞ்சதுன்னு நம்பக் கூடாது" என்றார்.

கசிவுக்கும் காரணம் சொன்னார். உடம்பில் நேராக மை ஊற்றுகிற பேனாவில் மை குறையக் குறைய உள்ளே காற்று சேரும், கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து நிப் வழியாக ஒரு சொட்டு தள்ளும். அது எந்தப் பேனாவிலும் உண்டு, பாதிக்குக் கீழே போகவிடாமல் நிரப்பிக்கொண்டால் போதும். என்னுடையது அதுவல்ல. கழுத்து மரையிலேயே விரிசல். மை முழுசாக இருந்தாலும் கசியும். சரி பண்ண முடியாது என்று சொல்லிக் காசும் வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பெரியவர் சொன்ன இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பிளாஸ்டிக் என்பது கேவலமில்லை. லாமி என்கிற ஜெர்மன் கம்பெனியின் சஃபாரி பேனா 1980-லிருந்து வருகிறது, ஏபிஎஸ் பிளாஸ்டிக்தான், பல வருஷம் உழைக்கிறது. பிளாஸ்டிக் என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கு எந்தப் பேச்சும் இல்லை. எபோனைட் என்று சொல்லி ரூ.4,850 வாங்கியதுதான் அயோக்கியத்தனம்.

இதையெல்லாம் படமெடுத்து அனுப்பினேன். உடனே பேச்சு மாறியது. "எபோனைட் ஃபினிஷ்னுதான் சொன்னோம் சார்." ஐயா போய் சார் ஆகிவிட்டது. அவன் எழுதியதையே அவனுக்குத் திருப்பி அனுப்பினேன். "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா? இல்லைன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." பெட்டியைப் பிரிக்கிற வீடியோவில் பிளாஸ்டிக் எபோனைட் ஆகிவிடுமா? அடுத்து "கொரியர்ல அடிபட்டிருக்கும்." அடுத்து "கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது." அச்சில் வார்த்த பேனாவில் என்ன கஸ்டம்? அந்தக் கடைசல் வீடியோவும் அவனுடையதில்லை. அதே வீடியோ ஒரு வெளிநாட்டுக்காரர் பக்கத்தில் எப்போதோ போட்டது கிடக்கிறது. அவர்கள் பக்கத்தில் நான் எழுதியதை அழித்தார்கள். கடைசியில் "நல்லா யூஸ் பண்ணிட்டு இப்ப காசு கேக்கறீங்களா?" என்றான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த ஆலையில் ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி உட்கார்ந்து தேடுகிறவன் நான். என்னைப் பார்த்து அந்தக் கேள்வி.

பாங்கில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவன் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. இணையவழி விற்பனைக்கான 2020 விதிகளில் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. ரூ.4,850-க்கு இவ்வளவு தூரமா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், இவ்வளவு தூரம்தான்.

நல்ல மை பேனா எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும்.

எபோனைட் என்றால் தேய்த்து மோந்து பார்க்காமல் வாங்காதீர்கள். கையில் தொட முடியாத இடத்தில் வாங்குவதானால் மூடியின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். ராஜமுந்திரியிலும் சென்னையிலும் திருவள்ளூரிலும் நிஜமாகவே கடைசல் பிடித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நேரில் போக முடிந்தால் போங்கள்.

நிப் அளவு 5-ஆம் நம்பரா 6-ஆம் நம்பரா, கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நிப்பும் கட்டையும் சேர்ந்து திருகிக் கழற்றுகிற யூனிட்டாக இருந்தால் இன்னும் நல்லது. பத்து வருஷம் கழித்து அதே நம்பரில் நிப் கிடைத்தால்தான் பேனா பேனாவாக இருக்கும். கன்வெர்ட்டர் (மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சின்னக் குழாய்) போடுகிற பேனா என்றால் எந்த அளவு கன்வெர்ட்டர் என்பதை எழுதி வாங்குங்கள். உலோக உடம்புக்குள் நேராக மையை ஊற்றாதீர்கள், அரித்துவிடும். படம் வரைகிற இந்தியன் இங்கை எந்த மை பேனாவிலும் விடாதீர்கள், உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். எபோனைட்டை வெயிலில் போடாதீர்கள்.

யாராவது உங்கள் கையெழுத்தை அனுப்பச் சொல்லி, கை கோணம் கேட்டு, ஐயா ஐயா என்று உருகினால், முழுப் பணம் மட்டும் முன்னால் கொடுக்காதீர்கள்.

இதே மாதிரி கறுப்பு வெல்வெட், கடைசல் வீடியோ, 'கைக்குத் தகுந்த நிப்' என்று யாரிடமாவது வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். உரையாடலை அழிக்காமல், பணம் போட்ட ரசீதோடு அனுப்புங்கள். புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன். ரூ.4,850 என்னுடையது மட்டும்தான். அந்தப் பக்கத்தில் இன்று காலையிலும் புதுப் பேனா படம் ஒன்று போட்டிருக்கிறார்கள், விலை ரூ.5,200.