ஹேஸ் மெஷின் என்று சொல்லி ஃபாக் மெஷினைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

சின்ன பட்ஜெட்டில் படம் எடுக்கிற ஒளிப்பதிவு நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வடபழனிப் பக்கம் லைட், கிரிப் சாமான்கள் (லைட்டையும் கேமராவையும் தாங்கும் ஸ்டாண்டு, டிராலி மாதிரியானவை) வாடகைக்கு விடும் இடம். பெயர் வேண்டாம். கோட்டேஷனில் ‘ஹேஸ் மெஷின், ஆபரேட்டருடன்’ என்று தெளிவாக எழுதித்தான் அட்வான்ஸ் வாங்கினார்கள். ஹேஸ் என்றால் காற்றில் சீராகப் பரவி நிற்கும் மெல்லிய புகை. லொகேஷனில் வந்து இறங்கியது ஃபாக் மெஷின். கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பொண்ணும் நடந்து வரும்போது புஸ்ஸென்று அடிப்பார்களே, அதேதான். மேலே ஒட்டியிருந்த ‘ஹேஸ்’ ஸ்டிக்கர் மட்டும் புதுசு.

"புகைன்னா புகைதானே சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் ஆபரேட்டர். ஒன்றே இல்லை.

செங்கல்பட்டுப் பக்கம் மூடிக் கிடக்கும் பழைய அரிசி ஆலை. கூரையில் பதித்த கண்ணாடி ஓடுகள் வழியாக ஒளிக்கற்றைகள் சரிந்து இறங்க வேண்டும், அதுதான் காட்சி. ஆலை ஓடிய காலத்தில் தவிட்டுத் தூசியே அந்த வேலையைச் சும்மா செய்து கொடுத்திருக்கும்! வெளிச்சம் போகும் வழி தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் மிதக்கும் துகளில் பட்டுச் சிதறினால்தான் கற்றை தெரியும். நல்ல ஹேஸ் மெஷின் ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவுள்ள துளிகளை விடாமல், சீராக விட்டுக்கொண்டிருக்கும். பார்த்தால் புகை இருப்பதே தெரியாது, கேமராவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து லைட் போட்டதும் கற்றை துல்லியமாக நிற்கும். கதவைச் சாத்தி ஃபேனை நிறுத்தினால் ரொம்ப நேரம் கலையாது. ஃபாக் மெஷின், கிளைகால் என்ற தண்ணீரில் கரையும் திரவம் கலந்த தண்ணீரைச் சூடேற்றிக் கெட்டியாகத் துப்பும். துப்பிவிட்டு, மறுபடி சூடேறும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும்.

கூரைக்கு மேலே சாரம் கட்டி வெயில் மாதிரி அடிக்கும் 4 கிலோவாட் ஹெச்.எம்.ஐ. லைட்டை ஏற்றி வைத்திருந்தோம். கீழே இரண்டு பையன்கள் தெர்மாகோல் ஷீட்டை வைத்து விசிறி விசிறிப் புகையைப் பரப்பினார்கள். அப்படியும் திட்டுத் திட்டாகத்தான் நின்றது. வைடு ஷாட்டில் கற்றை பால் மாதிரி. அதே வசனத்துக்கு க்ளோசப் வைத்தால் கற்றையே இல்லை. டேக்குக்கு டேக் இப்படி மாறினால் எடிட்டர் எதை எதோடு வெட்டி ஒட்டுவார்?

இதுகூடப் பரவாயில்லை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது புகைக்காக மெஷினில் ஊற்றும் ஃப்ளூயிட் பற்றி. லேபிள் கிழித்த வெள்ளை கேன். கொஞ்ச நேரத்தில் எரிந்த எண்ணெய் வாடை வந்தது, வயசான நடிகர் ஒருவர் இருமலை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். என் அசிஸ்டென்ட் அந்த ஃப்ளூயிட்டில் ஒரு சொட்டை, பாட்டில் மூடியில் ஊற்றிய தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். கிளைகால் என்றால் தண்ணீரோடு கலந்திருக்கும். இது வட்ட வட்டமாக மேலே மிதந்தது. ஆபரேட்டரைக் கேட்டால், "கொஞ்சம் பாரஃபின் ஆயில் சேர்த்தாத்தான் சார் புகை நிக்கும்" என்று தொழில் ரகசியம் மாதிரி சொல்கிறார்.

எண்ணெயில் ஓடும் ஹேஸ் மெஷின்கள் உண்டு. அவற்றில் பல, எண்ணெயைச் சூடாக்காமல் காற்றழுத்தத்தால் துளியாக உடைப்பவை. தண்ணீர் வகை ஃப்ளூயிட்டுக்காகச் செய்த ஃபாக் மெஷினின் சூட்டில் எண்ணெயை ஊற்றுவது வேறு கதை: மெஷினும் கெடும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு, மூச்சில் போவது என்னவென்று யாருக்கும் தெரியாது. சுத்தமான மினரல் ஆயில் புகைக்கே அமெரிக்காவில் வேலையிடங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மில்லிகிராம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்தத் துறைத் தொழிலாளர்களிடம் எடுத்த ஆய்வு 2005இல் வந்தது. புகை வரும் இடத்துக்கு மிக அருகில் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரல் திறன் குறைவாக இருந்தது. நம் செட்டில் அது யார்? தெர்மாகோல் விசிறுகிற பையன்கள்தான்.

மெஷினை நிறுத்தச் சொல்லி, வேறொரு இடத்திலிருந்து நிஜமான ஹேஸ் மெஷினை வரவழைத்தோம். பாதி கால்ஷீட் போச்சு. வாடகைக்காரர் ஒரு பைசா குறைக்கவில்லை. முழு வாடகை, ஆபரேட்டர் பேட்டா, அந்தக் கலப்பட ஃப்ளூயிட்டுக்குத் தனிக் காசு. போதாததற்கு ‘கிளீனிங் சார்ஜ்’ என்று டெபாசிட்டிலும் பிடித்துக்கொண்டார். அவர் ஊற்றிய எண்ணெயைக் கழுவ நான் காசு தர வேண்டுமாம்.

புக் பண்ணும்போது மெஷினின் மாடல் பெயரை எழுதி வாங்குங்கள், ‘ஹேஸ்’ என்ற வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். வண்டியில் ஏற்றும் முன் அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்; விட்டுவிட்டுப் புஸ்ஸென்று அடித்தால் அது ஃபாக்தான். ஃப்ளூயிட் கேன் சீல் உடையாமல், லேபிளோடு, சேஃப்டி டேட்டா ஷீட்டோடு (உள்ளே என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லும் தாள்) வரட்டும். செட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் எந்த வகைப் புகையானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டெபாசிட்டில் பிடித்த காசு இன்னும் வரவில்லை. "அடுத்த படத்துல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் தம்பி" என்கிறார் வாடகைக்காரர்.