அலமாரியின் இரு பக்கமும் நின்று படித்த இரண்டு ஆண்டுகள்

கடையில் ஆறு ஆண்டுகள் சரக்கு அடுக்கி, இருப்புக் கணக்கு எழுதி, பிறகு கொள்முதல் பிரிவுக்கு வந்தவள் நான். எது விற்கும், எது தூங்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பதிலைத் தேடித்தான் வேலையை விட்டுவிட்டு, நுகர்வோர் பொருளியலையும் சில்லறை வணிகத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். சென்ற மாதம் ஆய்வேடு ஏற்கப்பட்டது. இந்தப் படிப்பில் சேரலாமா என்று சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் பருவம் முழுக்க வீடுதான் பாடம். வருமானம் கூடக்கூட உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்று ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-இல் கண்டதிலிருந்து தொடங்கினார்கள். பிறகு ஹேசல் கிர்க், மார்கரெட் ரீட் என்ற இரண்டு பெண் பொருளியலாளர்கள். இவர்களின் பெயரைக்கூட அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு வீட்டு வேலையைக் கூலி கொடுத்து வேறொருவரைச் செய்யச் சொல்ல முடியுமானால் அது உற்பத்திதான் என்று 1934-இலேயே ரீட் வரையறுத்துவிட்டார்.

அதை ஒட்டி எங்களுக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். நான்கு வாரம் வீட்டின் ஒவ்வொரு செலவையும், ஒவ்வொருவர் உழைத்த நேரத்தையும் நாட்குறிப்பில் எழுத வேண்டும். அம்மா முதலில் சிரித்தார். "துணி மடிப்பதையெல்லாமா எழுதுவாய்?" என்றார். எழுதினேன். முதல் வாரத்து அவருடைய பத்தியைக் கூட்டினால் 46 மணி நேரம் வந்தது. கூட்டலைத் தவறவிட்டேனோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன், அதே 46. அலுவலகத்தில் நான் அவ்வளவு நேரம் உழைத்த வாரங்கள் குறைவு. இரண்டு ஆண்டுப் படிப்பில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் இந்த நாட்குறிப்பைத்தான் எடுத்துக்கொள்வேன்.

கடைப் பக்கத்துப் பாடங்களில், எனக்குப் பழக்கமான வேலையே புதிதாகத் தெரிந்தது. அடக்க விலை 60, விற்பனை விலை 100, பருவம் முடிந்து தள்ளிவிட்டால் கிடைப்பது 40 என்று ஒரு குடையை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தால் இழப்பது வர வேண்டிய லாபம் 40, ஒன்று மீந்தால் இழப்பது அடக்க விலையில் 20. இரண்டும் சேர்ந்த 60-இல் இந்த 20 மூன்றில் ஒரு பங்கு. ஆகவே, கேட்டு வருபவர்களுக்குப் பற்றாமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாக இருக்கும் அளவுக்கே சரக்கு எடுக்க வேண்டும். "போன வருடம் எவ்வளவு எடுத்தோம்?" என்று கேட்டே ஆறு ஆண்டுகள் ஆர்டர் போட்டவள் நான்.

லாப விகிதம் பற்றிய என் நம்பிக்கையும் உடைந்தது. இரண்டு பொருள்கள், இரண்டும் ஆண்டுக்கு 1000 ரூபாய்க்கு விற்கின்றன. ஒன்றில் மொத்த லாபம் 400, ஆனால் சராசரியாக 400 ரூபாய்ச் சரக்கு எப்போதும் அடுக்கில் கிடக்கிறது. மற்றதில் லாபம் 150தான், கிடக்கும் சரக்கோ வெறும் 50. போட்ட ஒரு ரூபாய்க்கு முதலாவது ஒரு ரூபாய் தருகிறது, இரண்டாவது மூன்று ரூபாய் தருகிறது. நான் எப்போதும் முதலாவதற்குத்தான் கண்மட்டத்து அடுக்கைக் கொடுத்திருந்தேன்.

களப்பணியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கடையில் சோப்பு அடுக்கின் எதிரே மூன்று மணி நேரம் குறிப்பேட்டோடு நின்றேன். ஒரு வயதான அம்மா இரண்டு கட்டிகளை எடுத்து இரு உள்ளங்கையிலும் ஏந்தி, மெல்ல ஏற்றி இறக்கி எடை பார்த்தார். விலை ஒன்றுதான், ஆனால் ஒன்றில் எடையைக் குறைத்திருந்தார்கள். உறையில் அந்த எண் மடிப்போரத்தில் கடுகளவு எழுத்தில் இருந்தது. அவர் கை அதைக் கண்டுபிடித்துவிட்டது. 100 கிராமுக்கு என்ன விலை என்று அடுக்கிலேயே எழுதி வைத்தால் மக்கள் தேர்வு மாறுமா என்பதே என் ஆய்வேட்டின் கேள்வி. அது பிறந்த இடம் அந்த அடுக்குதான். பாதுகாப்பு, தகவல் பெறுதல், தேர்ந்தெடுத்தல், தம் குரல் கேட்கப்படுதல் என்று நுகர்வோரின் நான்கு உரிமைகளை அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி 1962-இல் அறிவித்ததைச் சட்டத் தாளில் படித்தபோது, இரண்டாவதைப் பார்த்ததும் அந்த அம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது.

குறைகள் உண்டு, சிறியவையும் அல்ல. புள்ளியியலை இரண்டாம் பருவத்தில் ஒரே மூச்சில் திணிக்கிறார்கள். செலவுப் பங்குகளை வைத்துத் தேவையைக் கணிக்கும் மாதிரியை, ரிக்ரஷன் (ஒரு அளவு மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணிக்கும் முறை) என்றால் என்னவென்றே சரியாகப் பிடிபடாதவர்களுக்கு மூன்றே வகுப்புகளில் நடத்தி முடித்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேறினோம். இணைய வணிகத்துக்கு ஒரே ஒரு விருப்பத் தாள், அதுவும் பழைய பாடத்திட்டம். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது வேறு. வீட்டைப் பற்றிச் சொல்லித்தருபவர்களும் கடையைப் பற்றிச் சொல்லித்தருபவர்களும் ஒருவர் பாடத்தை மற்றவர் தொடுவதே இல்லை. கடைத் தரப்பில் "கூடுதலாக வாங்க வைக்கும் அடுக்கு" என்று பாராட்டப்படுவது, வீட்டுத் தரப்பில் குடும்பத்தின் கடன் கணக்கில் வந்து நிற்கிறது. இந்த இரண்டையும் ஒரே அறையில் உட்கார்ந்து விவாதிக்கும் வகுப்பு ஒன்றுகூட இல்லை. சேர்த்துப் படிப்பதற்காகவே தொடங்கிய படிப்பு அல்லவா இது?

ஆய்வேட்டுக்கு விற்பனைத் தரவு தருவதாக ஒரு நிறுவனம் வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டிருந்தது. நான்கு மாதம் காத்திருந்த பின் மறுத்துவிட்டது. துறையில் கடிதமாக எதையும் வாங்கி வைக்கவில்லை. நெறியாளர்தான் கைகொடுத்தார். ஒரே அடுக்கில் விலைச்சீட்டை வாரம் விட்டு வாரம் மாற்றி வைத்து, நானே எண்ணிக் குறிக்கும்படி ஆய்வைத் திருத்தினார். கால் வலித்தது, ஆனால் ஒவ்வொரு எண்ணும் நான் கண்ணால் பார்த்த எண்.

கடையிலோ நுகர்வோர் அமைப்பிலோ ஓரிரு ஆண்டுகளாவது வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இந்தப் படிப்பைத் தயங்காமல் சொல்வேன். பட்டம் முடித்த கையோடு வருபவர்கள் முதலில் புள்ளியியலில் ஒரு கோடை விடுமுறையைச் செலவிடுங்கள். சேர்வதற்கு முன் துறைக்கு நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். களப்பணி எத்தனை வாரம்? வீட்டுச் செலவுத் தரவை மாணவர்களே கையாள விடுவார்களா? ஆய்வேட்டுத் தரவுக்கு நிறுவனங்களோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? மூன்றாவதற்குப் பதில் மழுப்பலாக வந்தால், முதல் பருவத்திலேயே உங்கள் தரவை நீங்களே திரட்டத் தொடங்கிவிடுங்கள்.