பழைய லேப்டாப்புக்கு எந்த பேனல்: டின்ட்2வா, எல்எக்ஸ்பேனலா, பாலிபாரா?

பழைய லேப்டாப்பில் டெஸ்க்டாப் எதுவும் இல்லாமல் டெபியன் லினக்ஸைப் போட்டு, அதன் மேல் ஓப்பன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜரை மட்டும் வைத்தால் முதலில் கிடைப்பது ஒரு வெற்றுத் திரை. ரைட் கிளிக் செய்தால் மெனு வரும், அவ்வளவுதான். மினிமைஸ் செய்த விண்டோ எங்கே போனது, மணி என்ன, வைஃபை இருக்கிறதா, எதுவும் தெரியாது. சரி, இதையெல்லாம் திரை ஓரத்தில் பட்டையாகக் காட்டும் ஒரு பேனல் போடலாம் என்று தேட ஆரம்பித்தால் எல்லோரும் முதலில் கேட்பது "எது குறைவா ரேம் எடுக்கும்?" என்பதுதான்.

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிஎஸ் கமாண்ட் காட்டும் ஆர்எஸ்எஸ் என்ற ரேம் கணக்கில், பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளும் ஒவ்வொன்றின் தலையிலும் முழுசாக ஏற்றப்படுகின்றன. ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் எஸ்மெம் என்ற கருவியைப் போட்டு, பகிர்ந்ததைப் பங்கு பிரித்துக் காட்டும் பிஎஸ்எஸ் எண்ணைப் பாருங்கள். அதிலும் வித்தியாசம் சில எம்பிதான் வரும், பிரவுசரில் நாலு டேப் திறந்தால் அந்த மிச்சமெல்லாம் காணாமல் போய்விடும்.

முதலில் பார்க்க வேண்டியது திரையில் விண்டோக்களைக் காட்டும் அடிப்படை அமைப்பில் நீங்கள் பழைய எக்ஸ்11-இல் இருக்கிறீர்களா, புதிய வேலண்டில் இருக்கிறீர்களா என்பது. தலைப்பில் உள்ள மூன்றும் எக்ஸ்11-க்காக எழுதப்பட்டவை. ஸ்வே, லேப்டபிள்யூசி மாதிரி விண்டோ மேனேஜர்களோடு வேலண்ட் பக்கம் போய்விட்டவர்கள் வேபார் என்ற பேனலை எடுத்துக்கொள்ளலாம், ஜேசானில் அமைப்பு, சிஎஸ்எஸ்-இல் அலங்காரம், நன்றாகவே இருக்கும். ராஸ்பெரி பை குட்டிக் கம்ப்யூட்டர்களின் ஓஎஸ் கூட பல வருடம் எல்எக்ஸ்பேனலை வைத்திருந்துவிட்டு, 2023-இல் பை 4, பை 5 இரண்டையும் வேலண்டுக்கு மாற்றியபோது பேனலையும் மாற்றிவிட்டது.

டின்ட்2 எனக்குப் பிடித்தது, அதனால் கொஞ்சம் சாய்வாகவே எழுதுவேன். பேனலில் என்னென்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுத்துகளாகக் கொடுக்கிறோம்: லாஞ்சருக்கு எல், டாஸ்க்பாருக்கு டி, சிஸ்டம் ட்ரேக்கு எஸ், பேட்டரிக்கு பி, கடிகாரத்துக்கு சி. எந்த வரிசையில் எழுதுகிறோமோ அந்த வரிசையில் வந்து நிற்கும், வேண்டாததை அழித்தால் போய்விடும். ஃபைலைத் தொடப் பயமாக இருந்தால் டின்ட்2கான்ஃப் என்று ஒரு ஜன்னல் இருக்கிறது, அதில் கிளிக் செய்தே மாற்றலாம். எக்ஸிக்யூட்டர் என்ற வசதி வழியாக எந்த ஸ்கிரிப்டின் அவுட்புட்டையும் பேனலில் காட்டலாம், சிபியு சூடு, ஹார்ட் டிஸ்க்கில் மிச்ச இடம், எதுவானாலும். டாஸ்க்பாரை எல்லா டெஸ்க்டாப்பையும் சேர்த்துக் காட்டும்படி வைத்தால் ஒரு விண்டோவை இங்கிருந்து அங்கே இழுத்துப் போட முடிகிறது, அது பழகிவிட்டால் விட மனசு வராது.

குறையும் இருக்கிறது. ஸ்டார்ட் மெனு என்று ஒன்று அதில் கிடையாது, வேண்டுமென்றால் ஜேஜிமெனு மாதிரி ஒன்றைத் தனியாகப் போட வேண்டும். சத்தம் கூட்டிக் குறைக்க வால்யூம்ஐகான், வைஃபைக்கு என்எம்-ஆப்லெட், இப்படி ட்ரேயில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் அந்த "லேசான" பேனலும் அதன் பரிவாரமும் சேர்ந்து எவ்வளவு எடுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எல்எக்ஸ்பேனல் ஜெயிக்கும் இடம் இதுதான். மெனு, வால்யூம், பேட்டரி, சிபியு மானிட்டர் எல்லாம் உள்ளேயே வருகிறது, ரைட் கிளிக்கில் சேர்க்கலாம், நீக்கலாம். அப்பாவுக்கோ பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையனுக்கோ அமைத்துத் தரும் மெஷின் என்றால் யோசிக்காமல் இதைப் போடுங்கள், யாரும் போன் பண்ணி "மெனு எங்கே" என்று கேட்க மாட்டார்கள். ஆனால் அது, பட்டன், மெனு எல்லாம் வரைய உதவும் ஜிடிகே2 லைப்ரரி காலத்துப் பொருள், அந்த லைப்ரரியின் ஆதரவு 2020-லேயே முடிந்துவிட்டது. ஆர்ச் லினக்ஸில் ஜிடிகே3-இல் கட்டிய பதிப்பும் கிடைக்கிறது. நெருக்கமான பிக்சல் உள்ள புதுத் திரையில் ஜிடிகே2 பதிப்பு பொடிப்பொடியாகத் தெரியும், பழைய 1366×768 திரையில் அந்தக் கவலை இல்லை.

பாலிபார் அழகு, மறுக்க முடியாது. ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்து மயங்குகிற பேனல்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும். ஐ3, பிஎஸ்பிடபிள்யூஎம் மாதிரி விண்டோ மேனேஜர் வைத்துக்கொண்டு கீபோர்டிலேயே வாழ்கிறவர்களுக்குச் சரியான துணை. இடது, நடு, வலது என்று மாட்யூல்களை அடுக்கிவிட்டால் முடிந்தது. ஆனால் மவுஸை வைத்து விண்டோ மாற்றுகிறவருக்கு வழக்கமான டாஸ்க்பார் இதில் எதிர்பார்த்தபடி கிடைக்காது. பேட்டரி பெயரைக்கூட நாமே பார்த்து எழுத வேண்டிவரும்.

நமக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகளில் இது பேச்சுக்கே வராது. பாலிபார் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரைகிறது, சேர்த்து வடிவமைப்பதில்லை. அதனால் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து விண்டோ தலைப்பைப் பார்த்தாலோ, தேதியைத் தமிழில் வைத்தாலோ, "செவ்வாய்" என்பதில் கொம்பு ச-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்ட் போட்டாலும் தீராது, ஏனென்றால் குறை ஃபாண்டில் இல்லை. டின்ட்2, எல்எக்ஸ்பேனல், வேபார் மூன்றும் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் பாங்கோ லைப்ரரி வழியாக எழுதுகின்றன, தமிழ் ஒழுங்காக வரும். தலைப்பு மாட்யூலே வேண்டாம், தேதி ஆங்கிலத்தில் இருந்தால் போதும் என்பவர்கள் பாலிபாரையே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஏற்கெனவே எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் ஓடுகிற மெஷினில் அதன் பேனலைத் தூக்கிவிட்டு டின்ட்2 போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்த பேனலின் பிளக்இன்கள் பல தனித்தனி புரோசஸாக ஓடும், டாஸ்க் மேனேஜரில் ராப்பர் என்ற பெயரில் வரிசையாக நிற்பது அவைதான். பயன்படுத்தாத வானிலை, நோட்ஸ், கிளிப்போர்டு பிளக்இன்களை முதலில் நீக்கிவிட்டுப் பாருங்கள், அப்போதும் கனமாகத் தெரிந்தால் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.