குளிரில் கிளம்பாத பழைய ஸ்போர்ட்ஸ் கார்: ஆறு குளிர்காலங்களின் கணக்கு

இந்தக் காரை நான் பார்த்து வாங்கியது நல்ல கோடைக்காலத்தில். வெயிலில் எந்தப் பழைய காரும் தன் நோயைக் காட்டிக்கொள்ளாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. சாவியைத் திருப்பினேன், அரை நொடியில் உறுமியது, அங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டேன். 1980களின் நடுவில் வந்த இரண்டு இருக்கை வண்டி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். கார்புரேட்டர் கிடையாது, என்ஜினுக்குரிய பெட்ரோலை ஒரு சிறிய கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தெளிக்க வைக்கும் அந்தக் காலத்து மின்னணு இன்ஜெக்‌ஷன். ஓட்டுவதற்கு இன்றைக்கும் அதைப்போல் ஒன்றைக் கண்டதில்லை. ஆனால் ஆறு குளிர்காலங்களில் முதல் நான்கை அதைக் கிளப்புவதிலேயே கழித்தேன்.

நோயின் போக்கு இதுதான். 10 டிகிரி வரை ஒரு தொந்தரவும் இல்லை. 5 டிகிரிக்கு வந்தால் இரண்டு மூன்று முறை சாவியைத் திருப்ப வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும், என்ஜின் பிடிக்கவே பிடிக்காது. அப்படியே விட்டுவிட்டு மதிய வெயிலில் வந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். சூடாக இருக்கும்போது குறை சொல்ல எதுவும் இருக்காது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

முதல் குளிர்காலத்தில் நான் செய்தது வைத்தியம் அல்ல, கடைக்குப் போய் வந்ததுதான். பேட்டரி, ஸ்பார்க் பிளக், பிளக் ஒயர்கள், பெட்ரோல் ஃபில்டர், குளிரூட்டி நீரின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சார் என்று வரிசையாக மாற்றினேன். பேட்டரி மட்டும் உண்மையிலேயே மாற்ற வேண்டியதாக இருந்தது. பேட்டரி வாங்குகிறவர்கள் ஆம்பியர்-மணியை மட்டும் பார்க்காமல் சி.சி.ஏ. என்று அச்சிட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல், 30 நொடிக்கு எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதுதான் அந்த எண். குளிரில் பேட்டரியின் பலம் குறைகிறது. அதே நேரத்தில் கெட்டியான ஆயிலைக் கிழித்துக்கொண்டு சுற்ற என்ஜினுக்குக் கூடுதல் பலம் தேவைப்படுகிறது. வரவு குறையும் மாதத்தில்தான் செலவு ஏறுகிறது.

இலவச ஆலோசனைகளுக்கும் பஞ்சம் இருக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை நாலு தடவை மிதி என்றார்கள். கார்புரேட்டர் வண்டியில் மிதித்தால் உள்ளே ஒரு சிறிய பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் மிதித்தால் கால்தான் வலிக்கும். சாவியை ஆன் செய்து சில நொடி காத்திரு, பெட்ரோல் அழுத்தம் ஏறட்டும் என்றார்கள். பிற்கால வண்டிகளுக்கு அது சரி. என் வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றினால்தான் பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரமே போகும். ஈதர் ஸ்பிரேயை உள்ளே அடித்தால் கிளம்பிவிடும் என்றார் ஒருவர். காற்றின் அளவைப் பார்க்க மடல் போன்ற தகடு வைத்திருக்கும் இந்த வகை இன்ஜெக்‌ஷனில் அது ஆபத்து. என்ஜின் ஒரு தடவை காற்று உள்ளே வரும் வழியாகத் திருப்பி வெடித்தால் தகடு வளைந்துவிடும். அதை மட்டும் நான் செய்யவில்லை. என் புத்திசாலித்தனத்துக்கு இருக்கிற ஒரே சான்று.

இரண்டாவது குளிர்காலத்தில் மல்டிமீட்டர் வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டியது, அதாவது முழு சார்ஜ். ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் 10 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை. பிறகு ஏன் இந்தச் சோம்பல்? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை என்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கவே கூடாது. 1.3 காட்டியது. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டையைக் கழற்றினேன். வெளியே பார்க்கச் செம்பு நிறம்தான். போல்ட்டை அவிழ்த்ததும் உள்ளே பச்சைப் பொருக்கு. வளைத்ததும் பாதி இழைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. புதிய பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உலோகம் பளபளக்கத் தேய்த்துவிட்டேன். கூடவே குளிரில் கெட்டியாகிவிடும் 20டபிள்யூ-50 ஆயிலை வடித்துவிட்டு, கையேடு குளிருக்கு அனுமதிக்கும், அதைவிட இளகிய 10டபிள்யூ-40 ஊற்றினேன். ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தைக் காதாலேயே பிரித்துச் சொல்ல முடிந்தது.

ஆனால் மைனஸில் வண்டி அப்போதும் பிடிக்கவில்லை. முன்பைவிட வேகமாகச் சுற்றிவிட்டுப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது குளிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால், பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியின்மேல் நீலப் பொறி ஊர்ந்தது. முடி இழைபோல ஒரு விரிசல், அதில் ஈரம். மூடியையும் ரோட்டரையும் மாற்றினேன். ஈரமான நாட்களின் தொல்லை ஒழிந்தது; குளிர் நாட்களின் தொல்லை அப்படியே இருந்தது.

நான்காவது குளிர்காலத்தில்தான் விஷயம் பிடிபட்டது. பிடித்துக்கொடுத்தவர் கார் மெக்கானிக்கே அல்ல. வாழ்நாள் முழுக்க ரேடியோ பழுது பார்த்த ஒரு பெரியவர். சென்சார் புதியது, அளந்தும் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று அவரிடம் புலம்பினேன். “எங்கே வைத்து அளந்தாய், தம்பி?” என்றார். சென்சாரின் இரண்டு காலில் வைத்து என்றேன். “அது சென்சார் சொல்வது. அண்ணன் சொல்வதைக் கேள். கம்ப்யூட்டர் காதில் என்ன விழுகிறது என்று பார்த்தாயா?”

இந்த சென்சார் குளிரக் குளிர மின்தடை ஏறும் வகை. 20 டிகிரியில் ஏறக்குறைய 2,500 ஓம், பூஜ்யத்தில் 5,000க்கும் மேல், என்ஜின் 80 டிகிரிக்குச் சூடானதும் 300 ஓம் பக்கம் இறங்கிவிடும். தடை அதிகமாக இருந்தால் என்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். குளிரில் பெட்ரோலில் சிறு பகுதிதான் ஆவியாகும், ஆவியானதுதான் எரியும். அதனால் கூட்டிக் கொடுத்தே ஆக வேண்டும்.

விடிகாலையில், 1 டிகிரிக் குளிரில், இருக்கைக்கு அருகே படுத்துக்கொண்டு கம்ப்யூட்டரின் பெரிய பிளக்கைக் கழற்றி, சென்சாருக்குரிய முனையில் மீட்டரை வைத்தேன். 1,180 ஓம். பானெட்டுக்குப் போய் சென்சாரிலேயே கழற்றி அளந்தேன். 5,600. ஒரே சென்சார், ஒரே நிமிடம், இரண்டு பதில்கள். சென்சாரைக் கழற்றி வைத்த நிலையில் கம்ப்யூட்டர் பக்கம் வந்து பார்த்தால் மீட்டர் எதையும் காட்டக் கூடாது. 1,500 ஓம் காட்டியது.

வயர்க் கட்டைச் சுற்றியிருந்த டேப்பைக் கையால் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. பிளேடால் கீறிப் பார்த்தால் உள்ளே பழுப்பு, பச்சை, சிவப்பு வளையங்களோடு ஒரு சிறிய ரெசிஸ்டர், அதாவது மின்தடை, இரண்டு வயருக்கும் குறுக்காகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. 1,500 ஓம். எனக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்த யாரோ செய்த வேலை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள், எல்லாம் விளங்கிவிடும். குளிரில் 5,600க்கு இணையாக 1,500 நின்றால் மொத்தம் 1,180. கம்ப்யூட்டர் என்ஜினுக்கு 40 டிகிரி என்று நம்பி பெட்ரோலைக் கிள்ளிக் கொடுக்கிறது. சூடானபின் 300க்கு இணையாக நின்றால் 250. அந்த வித்தியாசத்தை யாரும் உணரவே முடியாது. அதனால்தான் மதியத்தில் பத்தரைமாற்றுத் தங்கமாக இருந்த வண்டி விடிகாலையில் கல்லாகக் கிடந்தது. ரெசிஸ்டரை வெட்டி எடுத்தேன். மறுநாள் மைனஸ் 4. முதல் முயற்சியிலேயே பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

அவர் பார்த்தது எனக்காக அல்ல, கரும்புகைக்காக. கிளம்பிய வண்டி பெட்ரோல் நாற்றத்தோடு புகைந்து தள்ளியது. ரெசிஸ்டரை வைத்தவர் பைத்தியக்காரர் அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் இதே புகைதான் தொல்லை கொடுத்திருக்க வேண்டும். காரணத்தைத் தேடாமல் வாயை அடைத்திருக்கிறார். இது என் ஊகம்தான், ஆனால் ஐந்தாவது குளிர்காலத்தில் கண்டது அதற்கு ஒத்துப்போகிறது.

இந்த வகை என்ஜினில் நான்கு சிலிண்டருக்கு நான்கு இன்ஜெக்டர்கள் தவிர, குளிரில் கிளப்புவதற்கென்றே ஐந்தாவதாக ஒன்று உண்டு. வெப்பத்தையும் நேரத்தையும் பார்க்கும் ஒரு ஸ்விட்ச் அதை ஆள்கிறது: மைனஸ் 20 டிகிரியில்கூட 8 நொடிக்கு மேல் தெளிக்க விடாது, என்ஜின் 35 டிகிரியைத் தாண்டியிருந்தால் தெளிக்கவே விடாது. ஐந்தாவது இன்ஜெக்டரைக் குழாயோடு கழற்றி, நுனியைத் துடைத்து, கண்ணாடிக் குடுவைக்குள் பிடித்துக்கொண்டு பம்ப்பை மட்டும் ஓடவிட்டேன். மின்சாரம் கொடுக்காதபோது ஒரு நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழக் கூடாது. எனக்கு நாலு நொடிக்கு ஒன்று விழுந்தது. நாள் முழுக்க ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. வண்டியை நிறுத்தியபின் குழாயில் நிற்க வேண்டிய அழுத்தமும் அந்த வழியாகவே வடிந்திருக்கிறது. (இந்தச் சோதனையைத் திறந்த வெளியில், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நெஞ்சு படபடக்கும், படபடக்கத்தான் வேண்டும்.) புதிய இன்ஜெக்டர் போட்டதும் புகை நின்றுவிட்டது.

இது ஆறாவது குளிர்காலம். இதுவரை கண்ட அதிகபட்சக் குளிர் மைனஸ் 11. இரண்டு நொடி சுற்றியதும் பிடித்தது. ஓட்டாத வாரங்களில் பேட்டரியைப் பராமரிப்பு சார்ஜரில் போட்டு வைக்கிறேன். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி கடுங்குளிரிலும் உறையாது. காலியான பேட்டரி மைனஸ் 10க்குள்ளேயே உறைந்து வெடிப்பு விட்டுவிடலாம். கோடையில் நிரப்பிய பெட்ரோலைக் குளிர்காலம் வரை டாங்கியில் வைத்திருப்பதில்லை. கோடைப் பெட்ரோல் எளிதில் ஆவியாகாதபடி தயாரிக்கப்படுகிறது.

இன்னும் தீராத குறைகளும் உண்டு. கதவு ரப்பர் உறைந்து ஒட்டிக்கொள்கிறது, சிலிகான் தடவியும் முழுதாக விடவில்லை. ஹீட்டர் சூடாவதற்குள் நான் போக வேண்டிய இடமே வந்துவிடுகிறது. போன வாரத்திலிருந்து, கிளம்பிய முதல் ஒரு நிமிடம் ஆல்டர்னேட்டர் பெல்ட் கீச்சிடுகிறது. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பேரிங் போகிறதா என்று இன்னும் தெரியவில்லை. புதிய பெல்ட் எதையும் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதலில் பெல்ட்டைக் கழற்றி, ஆல்டர்னேட்டரைக் கையால் சுற்றிப் பார்க்கப் போகிறேன்.