அஞ்சு டேங்கை ஒண்ணாக்க பிளான் போட வந்த சர்வே டீம்: எங்க பஞ்சாயத்து அனுபவம், 5க்கு 4

இது பைப்பு போட்ட வேலைக்கு எழுதுற ரிவ்யூ இல்ல, பைப்பு இன்னும் ஒரு அடி கூட போடல. போடுறதுக்கு முன்னாடி அளந்து பாத்து, எங்க பஞ்சாயத்துல தனித்தனியா ஓடுற அஞ்சு சின்ன குடிநீர் திட்டத்தையும் ஒண்ணா சேக்க முடியுமா, சேத்தா எப்படி சேக்கணும்னு அறிக்கை எழுதிக் குடுக்க அரசு காசுல ஒரு டீம் வந்தாவ, அவங்க செஞ்ச வேலையப் பத்திதான் எழுதுறேன். நான் கிராம குடிநீர் கமிட்டில இருக்கேன், அவங்க கூட வெயில்ல சுத்துனவன்.

எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துக்க மேற்குப் பக்கம், கடலும் பக்கம், பாறை மேடும் பக்கம். அஞ்சு திட்டம்னா அஞ்சு போரு, அஞ்சு மோட்டார், அஞ்சு கரண்ட் பில். கடல் பக்கம் உள்ள ரெண்டு போருல மாசி பொறந்தா உப்பு ஏறிடும், அந்த வெள்ளத்துல (எங்க பக்கம் தண்ணிய வெள்ளம்னுதான் சொல்லுவோம்) சாயா போட்டா பாலு திரியும். மேட்டுல உள்ள ரெண்டுல வெள்ளம் நல்லா இருக்கும், ஆனா கோடையில ஒரு மணி நேரம் ஓடுனா மோட்டார் காத்து இழுக்கும். ஏலா, அதாவது வயக்காட்டு ஓரத்துல உள்ள ஒண்ணுதான் வருஷம் முழுக்க குடிக்கிற மாதிரி இருக்கு.

இதுக்கு முன்னாடியும் ஒரு தடவை "இணைச்சு விடலாம்"னு கெளம்பினாவ. யாரு என்னன்னு இங்க வேண்டாம். மேட்டு டேங்கையும் ஏலா பக்கத்து டேங்கையும் ஒரே பைப்புல கோத்து விட்டாச்சு, உயரம் எவ்வளவு வித்தியாசம்னு யாரும் அளக்கல. என்ன ஆச்சு, கீழ உள்ள டேங்க் நெறஞ்சு வழிஞ்சு ரோட்டுல ஓடுது, மேல உள்ளதுல வெள்ளம் ஏறவே இல்ல, மேட்டுல கடைசி வரிசை வீட்டுக்காரங்க ஆறு மாசம் குடத்த தூக்கிட்டு எறங்கி வந்தாவ. எங்க மாமிக்கு அப்பவே முட்டு வலி, அந்த ஏத்தத்த நெனச்சா இன்னும் எனக்கு மனசு ஆறல. கடைசில அந்த பைப்ப அடைச்சுட்டு பழையபடி விட்டாவ. போட்ட பைப்பு மண்ணுக்குள்ள சும்மா கெடக்கு.

அதனால இந்த டீம் வந்து மூணுகால் ஸ்டாண்டுல லெவல் மெஷினை வச்சு ஒவ்வொரு டேங்க் அடி, டேங்க் உச்சி, கடைசி வீட்டு பைப்படின்னு உயரம் எடுக்க ஆரம்பிச்சப்போ எனக்கு நம்பிக்கை வந்துச்சு. 10 மீட்டர் உயரம் இருந்தாதான் ஒரு கிலோ பிரஷர், அதுக்கு மேல பைப்பு நீளம் கூடக் கூட பிரஷர் தேஞ்சு போகும், இதெல்லாம் அந்த என்ஜினியர் தம்பி தெருவுல நின்ன பொம்பளையாளுவளுக்கும் புரியுற மாதிரி சொன்னாரு. ஒரு 15 லிட்டர் பக்கெட்ட எடுத்துட்டு மொத வீட்டுல வச்சு போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டாரு, 50 செகண்ட்ல நெறஞ்சுது. கடைசி வீட்டுல அதே பக்கெட் நெறய 4 நிமிஷத்துக்கு மேல ஆச்சு. அந்த வீட்டு அக்கா "இத எத்தன வருஷமா சொல்லுதேன், இப்பதான் ஒருத்தர் எழுதுதாரு"ன்னு சொன்னாவ.

இன்னொண்ணு ரொம்ப புடிச்சுது. எங்க பம்ப் ஆப்பரேட்டர் அண்ணனுக்கு வயசாயிடுச்சு, எந்த வால்வு எங்க இருக்கு, எந்த பைப்பு எந்த விளை (தோட்டம்) வழியா போகுதுன்னு மொத்தமும் அவருக்க தலைக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு. டீம்ல ஒருத்தர் ரெண்டு நாளு அவரு கூடவே நடந்தாரு, அண்ணன் ஒரு கல்யாண கார்டுக்க பின்பக்கம் கோடு கோடா வரஞ்சு காட்டினாரு, ரோட்டுக்கு அடியில பொதஞ்சு போன ஒரு வால்வ கம்பியால தட்டியே கண்டுபிடிச்சாரு. இப்ப அதெல்லாம் மேப்புல இருக்கு. அறிக்கைல வேற ஒண்ணும் இல்லேன்னாலும் இந்த மேப்புக்கே குடுத்த காசு போதும்னு எனக்கு தோணுது.

கணக்கும் ஒழுங்கா போட்டிருக்காவ. ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், எங்க பக்கம் சுமார் 3000 பேரு, அப்ப 1,65,000 லிட்டர் தினமும் வேணும். இருக்குற டேங்குல எவ்வளவு நிக்கும், எத்தன தடவை நெறைக்கணும், எங்க சம்ப் (தரையடி தொட்டி) கட்டணும், மேட்டுக்கு தனியா பூஸ்டர் மோட்டார் வேணுமா எல்லாம் இருக்கு. உப்பு போர் ரெண்டையும் குடிக்கிற லைன்ல இருந்து கழட்டிட்டு, மேட்டு போர் ரெண்டையும் மூடாம அவசரத்துக்கு வச்சுக்கணும்னு எழுதியிருக்காவ, இது ரொம்ப சரி. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல யாரு மறப்பாவ, கரண்ட் கம்பம் எல்லாம் சாஞ்சு நாள்கணக்கா மோட்டார் ஓடல, ஒவ்வொரு போருக்கும் தனியா ஜெனரேட்டருக்கு எங்க போறது. ஒரே எடத்துல பம்பிங் இருந்தா ஒரு ஜெனரேட்டர் போதும், அதே சமயம் அந்த ஒரே மெயின் பைப்பு ஒடஞ்சா ஊரே வறண்டுடும், அதனால பழசையும் கையில வச்சுக்கணும்.

இப்ப ஒரு ஸ்டாரை ஏன் கொறச்சேன்னு சொல்லணும். வெள்ளம் டெஸ்ட் பண்ண வந்தது ஐப்பசி மழையில. நமக்க மாவட்டத்துக்கு ஆனியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை, அந்த நேரம் எந்த போருலயும் வெள்ளம் இனிப்பாதான் இருக்கும். கடல் பக்க போருல டிடிஎஸ், அதாவது வெள்ளத்துல கரைஞ்சு கெடக்குற உப்பு மாதிரி சரக்கோட அளவு, லிட்டருக்கு 400 மில்லிகிராம் காட்டுச்சு, குடிக்கலாம்னு எழுதப் போனாவ. 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லேன்னா 2000 வரைன்னு தர அளவு இருக்கு, ஆனா அத பங்குனியில அளந்தா தானே உண்மை தெரியும். மார்ச் 22 தண்ணீர் தின கிராம சபையில நாங்க அஞ்சாறு பேரு எழும்பி நின்னு சண்ட போட்டோம், அப்புறம் திரும்ப வந்து எடுத்தாவ, 1900. வந்ததுக்கு நன்றி, ஆனா சொல்லாமலே ரெண்டு சீசனுக்கும் வந்திருக்கணும்.

ரெண்டாவது கொற, அறிக்கை முழுக்க இங்கிலீஷ். ஆப்பரேட்டர் அண்ணனுக்கு அவரு சொன்ன விஷயத்தையே வாசிக்க முடியல.

"பேப்பருக்கு எதுக்கு இவ்வளவு காசு, அதுல நாலு பைப்பு போடலாமே"ன்னு ஊருல பாதி பேரு கேட்டாவ, அவங்க மேல எனக்கு கோவம் இல்ல. ஆனா அளக்காம போட்ட பைப்பு மண்ணுல கெடக்குறத காட்டித்தான் நான் பதில் சொன்னேன். எங்க அக்கா மவன் கலிபோர்னியாவுல இருக்கான், அங்கயும் சின்ன ஊருகள்ல கிணறு வத்தி, வெள்ளம் கெட்டுப் போயி இதே பாடுதான், 2015ல சின்ன திட்டங்கள பக்கத்து பெரிய திட்டத்தோட சேக்கச் சொல்ல மாநிலத்துக்கு அதிகாரம் குடுத்து சட்டம் போட்டாவ, 2019ல வருஷத்துக்கு 130 மில்லியன் டாலர் வரைக்கும் ஒதுக்குற மாதிரி ஒரு நிதியும் வச்சாவ, இணைக்குறதுக்கு முன்னாடி பிளான் போடுறதுக்கே தனியா மானியம் உண்டு. நம்ம ஊருலயும் பஞ்சாயத்துக்கு மத்திய அரசு குடுத்த 15வது நிதிக்குழு மானியத்துல (2021-26) 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னே கட்டி வச்சது தான். காசு வந்த ஒடனே குழி தோண்டாம மொதல்ல அளக்குறதுக்குன்னு ஒரு பங்கு எடுத்து வைக்கணும்னு நான் எல்லா கிராம சபையிலயும் கேட்டுட்டே இருப்பேன்.

உங்க பஞ்சாயத்துக்கு இந்த மாதிரி டீம் வந்தா கூடவே நடங்க, கடைசி வீட்டுல பக்கெட் வைக்கச் சொல்லுங்க, பங்குனியில வரச் சொல்லுங்க. எங்க அறிக்கைய தமிழ்ல கேட்டு மனு குடுத்திருக்கோம், கையில கெடச்சதும் ஆப்பரேட்டர் அண்ணனுக்குத்தான் மொத காப்பி.