நான்கு ஆந்தைகளுக்கும் ஒரே இடத்தில் கீறல்: பழைய வெள்ளி மெனு தாங்கிகள் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

விருந்து மேசையில் உணவுப் பட்டியலையும் விருந்தினரின் பெயரட்டையையும் நிமிர்த்தி வைப்பதற்காக விக்டோரியா காலத்திலும் அதற்குச் சற்றுப் பின்னரும் இங்கிலாந்தில் செய்யப்பட்ட சிறு வெள்ளித் தாங்கிகளை நான் ஒன்பது ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். எல்லாப் பதார்த்தங்களையும் ஒருசேர மேசையில் பரப்பும் பிரெஞ்சு முறை 19ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் ரஷ்ய முறை பரவியபோது, அடுத்து என்ன வரப்போகிறது என்று சொல்ல அட்டை வந்தது. அட்டையைத் தாங்க இவை வந்தன. உள்ளங்கையில் அடங்கும் பொருள் என்பதால் லண்டனின் சிறிய வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம் என்று தொடங்கிய பழக்கம் இது. ஒன்பது ஆண்டு அனுபவம் இருந்தும் சென்ற ஆண்டு ஏமாந்தேன்.

வார இறுதியில் கூடும் ஒரு பழம்பொருள் சந்தையில், தோல் உறையிட்ட பெட்டிக்குள் கண்ணாடிக் கண்களோடு நான்கு ஆந்தைகள் அமர்ந்திருந்தன. சாம்சன் மோர்டன் நிறுவனத்தின் வேலை, செஸ்டர் நகரில் தூய்மையைச் சோதித்து இட்ட முத்திரை, 1907ஆம் ஆண்டு என்றார் விற்றவர். மோர்டன் என்ற பெயருக்கு இந்தத் துறையில் தனி மதிப்பு உண்டு. 1822இல் இயந்திரப் பென்சிலுக்குக் காப்புரிமை பெற்றவர்களுள் ஒருவரான சாம்சன் மோர்டன் தொடங்கிய அந்நிறுவனம், பிற்காலத்தில் விலங்கு, பறவை வடிவ மெனு தாங்கிகளுக்கும் பெயர் பெற்றது. ஒற்றையாகக் கிடைப்பதைவிட நான்காகப் பெட்டியோடு கிடைத்தால் விலை பல மடங்கு ஏறும். அவர் கேட்டது 660 பவுண்டு. ரொக்கமாகத் தந்தால் 620 என்றார். அந்த 40 பவுண்டு சலுகைக்கு நான் மயங்கியதைப் பின்னால் சொல்கிறேன்.

கூட்டத்தின் நடுவே ஒரே ஓர் ஆந்தையை எடுத்து, அடிப்பகுதியைப் பார்த்தேன். நடக்கும் சிங்கம் இருந்தது. அது 1000க்கு 925 பங்கு தூய வெள்ளி என்பதற்கான அடையாளம். மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகளும் ஒரு வாளும் கொண்ட செஸ்டர் நகர முத்திரை இருந்தது. முத்திரையிட்ட ஆண்டைக் குறிக்கும் ஆண்டெழுத்தும் செய்தவரின் பெயரெழுத்துகளும் இருந்தன. முத்திரைகள் சரியாக இருந்ததால் பொருளும் சரி என்று முடிவு செய்தேன். மற்ற மூன்றையும் பார்க்காமல் விட்டதுதான் என் முதல் தவறு.

வீட்டுக்கு வந்து, நான்கையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்துப் பத்து மடங்கு உருப்பெருக்கியால் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. நான்கிலும் செய்தவர் முத்திரை அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது. செய்தவர் தம் பட்டறையில் தம் முத்திரையைக் கையால் பொறித்த பிறகே பொருளை, வெள்ளியின் தூய்மையைச் சோதித்து முத்திரையிடும் சோதனை நிலையத்துக்கு அனுப்புவார். சிங்கம், நகரம், ஆண்டெழுத்து ஆகியவை அங்கே தனியாகப் பொறிக்கப்படும். இரண்டு இடங்களில், இரண்டு கைகளால் நடக்கும் வேலையில், இரண்டுக்கும் இடையேயான தூரமும் கோணமும் நான்கு பொருள்களில் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போக வழியில்லை. அதைவிட மோசமான சான்று, சிங்கத்தின் பின்தொடையின் குறுக்கே ஓடிய ஒரு கீறல். நான்கு சிங்கங்களுக்கும் அதே தொடையில், அதே நீளத்தில் அந்தக் கீறல் இருந்தது. எப்போதோ உண்மையான ஓர் ஆந்தையை அச்சாக வைத்து, முத்திரையோடும் கீறலோடும் சேர்த்து வார்த்திருக்கிறார்கள்.

அதன்பின் மற்றவையும் கண்ணில் படத் தொடங்கின. முத்திரைகளின் விளிம்புகள் நனைந்த சோப்பைப்போல் மழுங்கி, சுற்றிலும் ஊசிமுனை அளவு குழிகள் இருந்தன. ஆனால் இறகுகளின் கோடுகள் மட்டும் நேற்று வெட்டியவைபோல் கூர்மையாக இருந்தன. நூறாண்டு தேய்மானம் அடிப்பகுதியைத் தின்றுவிட்டு அலகையும் இறகையும் விட்டுவைக்குமா? பெட்டி உண்மையிலேயே பழையது. ஆனால் உள்ளே இருந்த வெல்வெட் துணியைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால், வேறு ஏதோ வட்டப் பொருளுக்காகக் குடைந்த பள்ளங்கள் தெரிந்தன. (பெட்டிதான் என்னை அதிகம் ஏமாற்றியது என்று இப்போதும் நினைக்கிறேன். பொருளைச் சந்தேகிக்கப் பழகியவர்கூடப் பெட்டியைச் சந்தேகிப்பதில்லை.)

விற்றவருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். முதல் முறை, பார்க்கிறேன் என்றார். இரண்டாம் முறை, தாமும் அப்படியே வாங்கியதாகச் சொன்னார். பிறகு எடுக்கவே இல்லை. அவர் தந்த ரசீதை அப்போதுதான் ஊன்றிப் படித்தேன். "வெள்ளி மெனு தாங்கி, 4" என்பதோடு சரி. மோர்டன் இல்லை, செஸ்டர் இல்லை, 1907 இல்லை, அவருடைய முகவரியும் இல்லை. வாயால் சொன்ன எதையும் அவர் தாளில் எழுதவில்லை. வணிகரிடம் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால் 30 நாள்களுக்குள் திருப்பித் தரும் உரிமையை 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் தருகிறது. ஆனால் என்ன சொன்னார் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை, வழக்குத் தொடுக்க முகவரியும் இல்லை. கடன் அட்டையில் செலுத்தியிருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருள் என்பதால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி அட்டை நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். 40 பவுண்டு மிச்சப்படுத்தப் போய் அந்த வாசலை நானே அடைத்துக்கொண்டேன்.

வேறொருவர் தலையில் கட்டிவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அப்படிச் செய்தால் அதுவும் குற்றம். போலி முத்திரை உள்ள பொருளைத் தெரிந்தே கைமாற்றுவதை 1973ஆம் ஆண்டு ஹால்மார்க் சட்டம் தடுக்கிறது. லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் இல்லமான கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் பழைய வெள்ளியை ஆராய ஒரு நிபுணர் குழு இருக்கிறது. அவர்களிடம் ஒப்படைத்தேன். உலோகம் வெள்ளிதான், முத்திரைதான் பொய் என்று தெரிந்தது. பொய் முத்திரைகள் அழிக்கப்பட்ட பிறகே அவை என்னிடம் திரும்பி வந்தன.

மூன்று மாதங்களுக்குமுன் இன்னொரு சந்தையில், வேறொருவர் மேசையில், இரண்டு ஆந்தைகளைப் பார்த்தேன். பெட்டி இல்லை; விலை ஒன்றுக்கு 190 பவுண்டு. கவிழ்த்துப் பார்த்தேன், சிங்கத்தின் பின்தொடையில் அதே கீறல். விற்றவரிடம் சொன்னேன், தோளைக் குலுக்கிவிட்டு அவற்றை மேசைக்கடியில் எடுத்து வைத்தார். அந்த அச்சு இன்னும் எங்கோ வேலை செய்கிறது. உங்கள் கைக்கு இப்படி ஓர் ஆந்தை வந்தால், கண்களைப் பார்ப்பதற்குமுன் சிங்கத்தின் தொடையைப் பாருங்கள்.